கனடா போகிற பெட்டியில் மிக்ஸிக்கு இடம் உண்டா?

கேள்வி: வணக்கம் சார். வரும் பிப்ரவரியில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துக் குடும்பத்தோடு கனடா போகிறோம். டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோவில் வீடு பார்த்திருக்கிறார்கள். நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள் என்று நான்கு பேர். வீட்டில் மூன்று வருஷம் ஆன 55 இன்ச் டிவி, மிக்ஸி, அம்மா சீராகக் கொடுத்த இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு லேப்டாப், மகனின் பிஎஸ்5 கேம் மெஷின், பாட்டு கற்றுக்கொள்ளும் மகளின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, ஏறக்குறைய ஐம்பது தமிழ்ப் பட டிவிடி எல்லாம் இருக்கின்றன. இவை போக, ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த என் அப்பாவின் டூ-இன்-ஒன்னும் 32 கேசட்டும் உண்டு. அப்பா இப்போது இல்லை. சில கேசட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. "ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கிட்டா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம் அண்ணி" என்கிறார் கொழுந்தனார். "ஒண்ணும் வேண்டாம், எல்லாம் அங்கே போய் வாங்கிக்கலாம்" என்கிறார் கணவர். நான் எதைச் செய்யட்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கொழுந்தனாரின் டிரான்ஸ்ஃபார்மர் யோசனையை விட்டுவிடுங்கள். கணவர் சொல்வது உங்கள் பட்டியலில் பாதிக்குப் பொருந்தும். ஆனால் அவருடைய "ஒண்ணும் வேண்டாம்" என்ற பேச்சில் அப்பாவின் கேசட்டுகளும் சேர்ந்து போய்விடக் கூடாது. டிவியும் மிக்ஸியும் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த 32 கேசட்டும் உங்கள் வீட்டு அலமாரியில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு மாதம் பிடிக்கிற வேலை இருக்கிறது. இந்த வாரமே ஆரம்பித்தால்தான் பிப்ரவரிக்குள் முடியும். எப்படிச் செய்வது என்று கடைசியில் விவரமாக எழுதியிருக்கிறேன்.

கோவையில் 28 வருஷமாக வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "இது அங்கே ஓடுமா?" என்று கேட்பார்கள். அந்தப் பதில் சாமானின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. இன்று ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். ரப்பர் கால்களுக்கு நடுவே ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். சட்னித் தண்ணீர் வழிந்து காய்ந்து எழுத்து மறைந்திருந்தால் ஈரத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட் என்பது போல ஏதாவது தெரியும். அப்புறம் லேப்டாப் சார்ஜரை எடுத்துப் பாருங்கள். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கடைப் பேச்சில் அதை 110 என்பார்கள். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. 100–240 என்று போட்ட சாமான் உலகத்தில் எங்கே செருகினாலும் ஓடும், பின்னை மட்டும் மாற்றினால் போதும். 230 என்று மட்டும் போட்டது அங்கே நேரடியாக ஓடாது. வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் இப்படிக் கவிழ்த்துப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, துபாய் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் நம்மைப் போல 230, 240 வோல்ட்தான், 50 ஹெர்ட்ஸ்தான். கட்டையான மூன்று பின் உள்ள பிளக்கைப் போட்டுக்கொண்டால் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும்.

சூடாக்குகிற சாமான்களுக்கு வருவோம். வோல்ட் பாதியானால் சூடு பாதியாகக் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஏறக்குறைய கால்வாசிக்குப் போய்விடும். உங்கள் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அங்கே சுமார் 270 வாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும், சட்டைச் சுருக்கம் போகாது. அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர் எதையும் எடுக்காதீர்கள். குக்கர், இட்லிப் பானை போன்ற பாத்திரங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பல வீடுகளில் கண்ணாடித் தளம் போட்ட மின் அடுப்புதான் இருக்கும். அடி தட்டையாக உள்ள பாத்திரம்தான் அதில் சரியாக உட்காரும்.

மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கதை வேறு வேறு. மிக்ஸி மோட்டார் 120 வோல்ட்டில் சுற்றத்தான் செய்யும், ஆனால் பலம் இருக்காது. கெட்டித் தேங்காய்ச் சட்னி போட்டால் பிளேடு திணறி நின்றுவிடும், நின்ற மோட்டாரில் காயில் சூடாகும். கிரைண்டரில் உள்ளது இண்டக்‌ஷன் மோட்டார். வோல்ட் பாதியானால் அதன் இழுவை கால்வாசியாகிவிடும். ஊறின உளுந்தும் கல்லும் சேர்ந்த கனத்தை அதனால் கிளப்ப முடியாது. 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் வைண்டிங் கருகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் என்ன என்று கொழுந்தனார் கேட்பார். 120-ஐ 230 ஆக உயர்த்துகிற ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கத்தான் செய்கிறது. 750 வாட் மிக்ஸி ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டைத் தாங்க அதற்கு இரண்டு மடங்கு, அதாவது 1500 வாட்டாவது வேண்டும். செம்புச் சுருளும் இரும்புத் தகடுமாக அது நல்ல கனம் இருக்கும். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பதுதான் பெரும்பாலான விமான நிறுவனங்களின் எகானமி வகுப்புக் கணக்கு. மிக்ஸியை ஓட்டுவதற்காக ஒரு பெட்டியில் பெரும் பங்கை இரும்புக்குக் கொடுக்க வேண்டுமா? அங்கே போன பிறகும், சமையலறை மேடையில் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் கிரைண்டர் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும், மாவும் சீக்கிரம் சூடேறும். இதற்கெல்லாம் மேலே, கையடக்கமாக 'டிராவல் கன்வர்ட்டர்' என்று விற்பதை மோட்டார் உள்ள எந்தச் சாமானுக்கும் நம்பிப் போடாதீர்கள்.

காயிலை 110-க்கு ரீவைண்டிங் செய்து தரச் சொல்லியும் என்னிடம் கேட்பார்கள். செய்ய முடியும், ஆனால் நான் செய்து தருவதில்லை. கனடாவில் விற்கும் மின்சாதனங்களில் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கும். நான் பிரித்துச் சுற்றிய மோட்டாருக்கு அந்த முத்திரை கிடைக்காது. மரச் சட்டம் வைத்துக் கட்டிய வாடகை வீட்டில், பக்கத்தில் இன்னொரு குடும்பம் இருக்கும் இடத்தில், அந்த ஆபத்தை உங்கள் தலையில் ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வராது.

இதற்கெல்லாம் நேரான வழி ஒன்று இருக்கிறது. நம் ஊர் மிக்ஸி, கிரைண்டர் கம்பெனிகள் பலவும் 110 வோல்ட் மாடலைத் தனியாகவே தயாரிக்கின்றன. மதுரையிலும் கோவையிலும் பெரிய பாத்திரக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சிஎஸ்ஏ அல்லது சியூஎல் முத்திரை இருக்கிறதா, கனடாவில் வாரண்டி செல்லுமா. நீங்கள் போவது ஸ்கார்பரோ என்பதால் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகவேண்டிய கட்டாயம்கூட இல்லை. இலங்கைத் தமிழர்கள் பல வருஷங்களாக வேரூன்றியிருக்கும் ஊர் அது. அங்குள்ள தமிழ்க் கடைகளில் 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர், இடியாப்ப உரல் எல்லாம் கிடைக்கும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால், முதல் வாரச் சமையலுக்காக 110 வோல்ட் மிக்ஸி ஒன்றை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, கிரைண்டரை அங்கே வாங்குவேன். அம்மா கொடுத்த கிரைண்டர் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். லீவுக்கு வரும்போது அதில்தான் மாவாட்டப் போகிறீர்கள்.

110 வோல்ட் மிக்ஸியை இங்கே வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அதை மதுரை வீட்டில் செருகிப் பார்க்கவே கூடாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் புது மிக்ஸியோடு கடைக்கு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்காக வாங்கியது. அனுப்பும் முன் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாமே என்று வீட்டில் ஒரு அடாப்டரில் செருகியிருக்கிறார்கள். "ஏரோப்ளேன் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுங்க, அப்புறம் புகை" என்றார். பெட்டியைத் திறந்தபோது வார்னிஷ் கருகிய வாடை கடை முழுக்கப் பரவியது. ஒருமுறைகூட அரைக்காத மிக்ஸி அது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் கடையிலேயே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து டிவி. லேபிளில் 100–240 என்று இருக்க வாய்ப்பு உண்டு, அப்படி இருந்தால் அங்கே ஓடும். ஆனாலும் விற்றுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. 55 இன்ச் பேனல் என்பது மெல்லிய கண்ணாடி. கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும் ஒரு மூலையில் அடிபட்டால் முழுப் பேனலும் போச்சு. இங்கே வாங்கிய வாரண்டி பொதுவாக அங்கே செல்லாது. டொரன்டோவில் சிஎன் டவரிலிருந்து பல சேனல்கள் ஆண்டெனாவுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை வேறு என்பதால், நம் ஊர் டிவியின் ட்யூனர் அதைப் பிடிக்காது. விற்கிற பணத்தை அங்கே வாங்கும் டிவியின் முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே வரை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

டிடிஹெச் டப்பாவையும் குடையையும் எடுத்துப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலர் கேட்பதால் சொல்கிறேன். அந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் பக்கம் பார்த்து நிற்கின்றன. டொரன்டோ பூமி உருண்டையின் கிட்டத்தட்ட மறுபக்கத்தில் இருக்கிறது. குடையை எப்படித் திருப்பினாலும் அந்தச் செயற்கைக்கோள் அங்கே அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். இணைப்பை ரத்து செய்துவிடுங்கள்.

ஓடிடி சந்தாவை இப்போது வருஷக் கணக்கில் புதுப்பிக்காதீர்கள். படங்களின் உரிமையை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். இந்தியாவில் எடுத்த ஜியோஹாட்ஸ்டார் சந்தா அங்கே ஓடாது. நெட்ஃப்ளிக்ஸ் ஓடும், ஆனால் கனடாவுக்கான படப் பட்டியலைக் காட்டும். சன் நெக்ஸ்ட் போன்றவற்றுக்கு வெளிநாட்டுச் சந்தா தனி. விபிஎன் போட்டு இந்திய முகவரி காட்டலாம் என்று யாராவது சொன்னால், அதை நம்பி வருஷச் சந்தா கட்டாதீர்கள். நிபந்தனைகளுக்கு விரோதம், என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும். தமிழ்க் குரல் கேட்க அங்கே வழி நிறையவே இருக்கிறது. டொரன்டோவில் 101.3 பண்பலையில் தமிழ் நிகழ்ச்சிகள் வருகின்றன. டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, நகரில் குடியிருப்பவர்களுக்கு அட்டை இலவசம். போய் இறங்கிய முதல் மாதத்திலேயே பிள்ளைகளுக்கு அந்த அட்டையை எடுத்துக்கொடுங்கள். அகில இந்திய வானொலியை 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கேட்கலாம்.

டிவிடிகளைத் திருப்பி, பின்னட்டையில் உலக உருண்டைப் படத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 0 அல்லது 'ஆல்' என்றால் எங்கும் ஓடும். 5 என்றால் இந்தியா உள்ளிட்ட மண்டலத்துக்கானது, கனடா, அமெரிக்கா மண்டலம் 1. அங்கே வாங்கும் பிளேயரில் 5-ஆம் எண் டிஸ்க் ஓடாமல் போகலாம். கணினி டிவிடி டிரைவிலும் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு அப்படியே பூட்டிக்கொள்ளும். பிடித்த பத்துப் பதினைந்தை மட்டும் பெட்டியில்லாமல் துணி உறையில் போட்டு எடுங்கள். திருட்டு டிவிடி ஒன்றுகூட வேண்டாம்.

பிஎஸ்5-ஐ மகன் கையோடு எடுத்துக்கொள்ளட்டும், லேபிளை மட்டும் பார்த்துவிடுங்கள். அதில் செருகும் கயிறு எட்டு வடிவ முனை கொண்ட சாதாரணக் கயிறு, அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். கேம் டிஸ்க்குகள் ஓடும். ஆனால் பிஎஸ்என் (பிஎஸ்5-இன் ஆன்லைன் சேவை) கணக்கின் நாட்டை மாற்ற முடியாது. இந்தியக் கணக்கில் வாங்கிய கேம்கள் அந்தக் கணக்கிலேயே இருக்கும். கனடாவில் புதிதாக வாங்க இன்னொரு கணக்கு வேண்டியிருக்கும், இரண்டையும் ஒரே மெஷினில் வைத்துக்கொள்ளலாம். ரூபாயில் உள்ள வாலட் பணத்தைக் கிளம்பும் முன் செலவு செய்துவிடச் சொல்லுங்கள். நண்பர்களையெல்லாம் விட்டுவிட்டு வரும் 14 வயதுப் பையனுக்கு அந்தப் பழைய கணக்கில்தான் பழைய கூட்டாளிகள் இருக்கிறார்கள். அதை அழித்துவிட வேண்டாம்.

மகளின் சுருதிப் பெட்டிக்குத் தனியாக ஒரு அடாப்டர் இருந்தால் கவலையே இல்லை. அடாப்டரில் 100–240 என்று இருந்தால் அப்படியே எடுங்கள். இல்லாவிட்டால் அதன் 'அவுட்புட்' வரியைப் பாருங்கள். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், பின்னின் நடுவே அதே பிளஸ் அல்லது மைனஸ் குறி. இந்த மூன்றும் பொருந்தும் அடாப்டரை வாங்கிப் போட்டால் பெட்டி பழையபடி பாடும்.

லேப்டாப்புக்கு அடாப்டர் குமிழ் வாங்குவதைவிட, சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் கயிற்றை மட்டும் கழற்றிவிட்டு அந்த ஊர்க் கயிற்றைப் போடுவதுதான் நல்லது. இரண்டு பின் குமிழைச் செருகினால் எர்த் துண்டிக்கப்பட்டுவிடும். உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் விரல் நுனி சுருக்கென்று உறுத்துவது இதனால்தான். நம் ஊர் ஸ்பைக் பஸ்டரை எடுக்க வேண்டாம். அதன் பாதுகாப்பு 230-க்குக் கணக்குப் போட்டது, 120-இல் இருந்தும் இல்லாததுதான்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைத்தால் திறந்து எடுத்துவிடுவார்கள். அளவு 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-அவர், அதனால் பிரச்சினை இல்லை. சில விமான நிறுவனங்கள் 2025-லிருந்து பயணத்தின்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. பிள்ளைகளின் போனையும் டேப்லெட்டையும் கிளம்பும் முன் முழுதாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள். இறங்கும் ஊரில் பிப்ரவரி குளிர் கடுமையாக இருக்கும். வெளியே உறைந்து கிடந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பிஎஸ்5-ஐயோ லேப்டாப்பையோ உடனே ஆன் செய்யாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போல உள்ளே ஈரம் கோத்திருக்கும். சில மணி நேரம் பெட்டியோடு அப்படியே விடுங்கள்.

போனில் ஒரு விஷயம். உங்கள் வங்கி, ஆதார், ஓடிடி எல்லாவற்றின் ஓடிபியும் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கே இருக்கும்போதே ஆன் செய்து, வேலிடிட்டி ரீசார்ஜை விடாமல் போட்டு வாருங்கள். எண்ணைத் தொலைத்துவிட்டால் அங்கிருந்து மீட்பது பெரும்பாடு. விலை குறைந்த போன் என்றால், அது கனடாவில் புழங்கும் 4ஜி பேண்டுகள் 2, 4, 12, 66 ஆகியவற்றைப் பிடிக்கிறதா என்று மாடல் விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடா சுங்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒழுங்காகப் பட்டியல் போட்டால் போதும். புதிதாகக் குடியேறுபவர்கள் முன்பே சொந்தமாக வாங்கி, கையில் வைத்திருந்து, பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு வரி இல்லை. அதற்கான படிவம் பிஎஸ்எஃப்186. கையோடு வருபவை ஒரு பட்டியல், பின்னால் கப்பலில் வருபவை இன்னொரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல், சீரியல் எண், மதிப்பு எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சாமானை முதல் நாளே பட்டியலில் காட்டாவிட்டால் அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். வரியில்லாமல் கொண்டுபோனதை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டும். பெட்டி பிரிக்காத 110 வோல்ட் மிக்ஸி 'பயன்படுத்திய சாமான்' ஆகாது. அதைப் பில்லோடு புதுசு என்றே காட்டுங்கள், வரி கேட்டால் கட்டிவிடுங்கள்.

இனி அப்பாவின் கேசட்டுகள்.

டூ-இன்-ஒன்னின் பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். பெரிய டார்ச் செல் நான்கோ ஆறோ போடும் இடம் இருக்கும். அந்த செல் உலகம் முழுக்க ஒரே அளவு, ஒரே 1.5 வோல்ட். உள்ளே கேசட்டைச் சுற்றும் மோட்டாரும் பேட்டரி கரண்ட்டில் ஓடுவதுதான், ஹெர்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதாவது, மிக்ஸியும் கிரைண்டரும் ஓடாத ஊரில் அப்பாவின் டூ-இன்-ஒன் செல் போட்டால் ஓடும். கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். (பழைய இசைத்தட்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும். மின்சார ஹெர்ட்ஸை வைத்துச் சுற்றும் மாடல் என்றால், நிமிடத்துக்கு 33 சுற்று அங்கே 40 ஆகிவிடும். நாதஸ்வரம் கீச்சென்று கேட்கும்.) ரேடியோவில் மதுரை வானொலியின் 1269 அங்கே எட்டாது, ஆனால் கேசட் பாடும்.

முதலில் அதை மதுரையிலேயே ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள். வருஷக் கணக்கில் ஓடாத ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கும். அடுத்து ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், பக்கத்தில் உள்ள மெல்லிய கம்பியையும், ரப்பர் உருளையையும் துடைக்க வேண்டும். பஞ்சில் காபிப் பொடி நிறத்தில் அழுக்கு வரும், அது வராமல் நிற்கும் வரை துடையுங்கள். முதல் ஓட்டத்துக்கு அப்பாவின் கேசட்டைப் போடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டு இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். டேப் சிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவை.

அப்பாவின் கேசட் ஒவ்வொன்றையும் கையில் எடுத்ததும், அதன் முதுகில் இரண்டு ஓரத்திலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளைப் பாருங்கள். முழுதாக இருந்தால் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். உடைத்த பிறகு சிவப்புப் பட்டனை யார் தவறுதலாக அழுத்தினாலும் அந்தக் கேசட்டில் பதிவாகாது, அழியாது. அப்புறம் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, இறுகிப்போன டேப்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

டூ-இன்-ஒன்னின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒலியைக் கொண்டுபோக யுஎஸ்பி ஆடியோ கேப்சர் என்ற சின்னக் கருவியும் ஒரு கயிறும் வேண்டும். லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டை சிவப்பைத் தொடாதபடி வால்யூமைக் குறைத்து வையுங்கள். கோப்பை வேவ் வடிவில் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி, 32 கேசட்டுக்கு 20 ஜிபிக்குள்தான். கேசட்டை அது ஓடும் வேகத்தில்தான் பதிய முடியும், குறுக்கு வழி கிடையாது. அதனால்தான் ஒரு மாதம் என்றேன். ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா குரல் உள்ளவற்றை முதலில் எடுங்கள்.

இரைச்சலை நீக்கும் பட்டனை மூலக் கோப்பில் தொடாதீர்கள். அந்த இரைச்சலுக்குள்தான் அன்றைய உங்கள் வீட்டு மின்விசிறியும், தெருவில் போன கீரைக்காரரும், அப்பா பேசத் தொடங்கும் முன் தொண்டையைச் செருமியதும் இருக்கும். சுத்தம் செய்ய வேண்டுமானால் பிரதி ஒன்றில் செய்யுங்கள். கேசட் அட்டையில் அப்பா கைப்பட எழுதியிருப்பதைப் படம் எடுத்து, அதே பெயரில் கோப்போடு சேர்த்து வையுங்கள். பிரதி மூன்று வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க் உங்கள் கைப்பையில், ஒரு பென் டிரைவ் அம்மாவிடம், இன்னொன்று கிளவுடில். கப்பல் பெட்டியில் எதுவும் வேண்டாம்.

மூலக் கேசட்டுகளையும் கையோடு எடுத்துப் போகலாம். விமான நிலைய எக்ஸ்ரே டேப்பை ஒன்றும் செய்யாது. காந்தம்தான் கெடுக்கும், அதனால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டாதீர்கள். டூ-இன்-ஒன்னை வேட்டியிலோ போர்வையிலோ சுற்றி, கிளம்பும் நாளில் செல்லையெல்லாம் கழற்றிவிட்டு வையுங்கள். வழியில் செல் கசிந்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் அரித்துவிடும். ஸ்கார்பரோவில் போய்ப் புது செல் போட்டுக்கொள்ளலாம்.